வளைவில் போட்ட இரும்புக் கட்டைகள்

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஸ்லீப்பர் கட்டையை, வண்டி கவிழ்ந்த அன்றைக்கு மட்டும்தான் ஊர் குனிந்து பார்க்கும். அந்தக் கட்டையை வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. ஒருத்தருக்கும் தெரியாத வேலையைச் செய்துவிட்டு, ஊருக்கே தெரியும்படி திட்டு வாங்குகிற உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். வாய்க்காதவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வடக்கு அந்தமானில், திக்லிபூர் பக்கத்துக் காட்டுக்குள் ஒரு மரக் கம்பெனி கேம்ப் போட்டிருந்தது. பேர் வேண்டாம், கம்பெனியும் இப்போது இல்லை. காட்டில் வெட்டிய மரம் டிராம் லைனில் இறங்கி உப்பங்கழிக்கு வரும். அங்கே தெப்பமாகக் கட்டி, போர்ட் பிளேர் பக்கத்தில் மர மில் இருக்கிற சாத்தம் வரைக்கும் படகில் இழுத்துக்கொண்டு போவார்கள். லைனுக்கு எஞ்சின் கிடையாது. ஏற்றத்தில் காலி டிராலியை யானை இழுக்கும். இறக்கத்தில் மர லோடு தன் பாரத்தில் தானே ஓடிவரும். பின்னால் ஒரு பலகையில் ஒரே ஒரு ஆள் நின்று பிரேக் கம்பைப் பிடித்துத் தொங்குவான். அவன் பிடி நழுவினால் லோடு யார் பேச்சையும் கேட்காது.

கழிக்குச் சற்று மேலே சதுப்பில் ஒரு வளைவு. அங்கே போடுகிற மரக்கட்டை ஒரு மழைக்கே மக்கிப்போகும். ஆணி ஆடும், தண்டவாளம் விரியும், டிராலி சேற்றுக்குள் பாயும். நான் போவதற்கு முந்தைய மழையில் அப்படிப் பாய்ந்ததில் பிரேக் பிடித்தவன் கால் மரத்துக்கடியில் மாட்டிக்கொண்டது. மீதி ஒரு காலோடு அவனைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். அவன் நின்ற பலகையில் இப்போது நின்றவன் கருப்பையா. ராமநாதபுரம் பக்கத்துக்காரன், கேம்ப்பிலேயே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அடுத்த மழைக்குள் அந்த வளைவை நான் சரிபண்ண வேண்டும், இல்லாவிட்டால் கருப்பையாவின் கால் போகும். நான் அங்கே போனது இதற்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. தண்டவாளத்தில் எங்கே எதை மாற்றினாலும், மாற்றச் சொன்னவர் யாரோ அவர் முதல் லோடில் மரத்துக்கு முன்னால் உட்கார்ந்து வர வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. ராஞ்சிக்காரன், வங்காளி, தமிழன் என்று வேறு எதிலும் ஒத்துப்போகாத கூட்டம் இதில் மட்டும் ஒத்துப்போனது. சொன்னவர் ஏறாவிட்டால் டிராலியை ஒருத்தரும் தொடமாட்டார்கள். போன வருஷம் மேனேஜர் உத்தரவில் வளைவுக்குப் புது மரக்கட்டை போட்டார்கள். முதல் லோடு அன்றைக்குக் காலையில் அவருக்குக் காய்ச்சல். ‘மாத்தச் சொன்னது மேஸ்திரி, நான் சரின்னு தலையாட்டினதோட சரி’ என்று ஆள் விட்டுச் சொல்லி, மேஸ்திரியை ஏற்றிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டதாம்.

மேனேஜரின் தலை

முதல் வேலையாக மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். மேட்டில் பங்களா, வராந்தாவில் பிரம்பு நாற்காலி, கையில் பைனாகுலர். அந்த வளைவை அவர் பைனாகுலர் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறார். நடந்து போய்ப் பார்த்ததே இல்லை. என் படத்தை அவர் முன்னால் விரித்தேன். கனத்த இரும்புத் தகட்டைத் தொட்டி மாதிரி வளைத்துக் கவிழ்த்துப் போடுவோம், விளிம்பு மண்ணைக் கவ்விக்கொள்ளும், மேலே இரண்டு பக்கமும் கொக்கி, கொக்கியில் ஆப்பு அடித்தால் தண்டவாளம் நகராது, தண்டவாளத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் மெத்தை, லோடு வந்து மோதுகிற அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

மக்காத நல்ல படாக் மரத்தைப் போட்டாலே போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நல்ல மரமெல்லாம் விற்பனைக்குப் போய்விடும். சாத்தத்தில் வேண்டாம் என்று கழிக்கக்கூடிய சொத்தை மரம்தான் லைனுக்கு. யாரோ ஒரு சீமான் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் காலை நீட்ட படாக் வேண்டும், கருப்பையா காலுக்கு அடியில் உளுத்த கட்டை போதும். இதைக் கொஞ்சம் நாசூக்காகத்தான் சொன்னேன். மேனேஜர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“இந்தத் தீவுலே மரம் இல்லாத இடம் என் தலை ஒண்ணுதான்யா. வேணும்னா உன் இரும்பை அதுலே போட்டுக்கோ.”

நிமிர்ந்து வந்த தொட்டிகள்

மெட்ராஸ் முதலாளிக்குப் புதுசு என்றால் பிடிக்கும், அவருக்கே எழுதிப் போட்டேன். ‘வளைவுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம்’ என்று பதில் வந்தது. முதலாளி சரி என்றதும், இது முதலிலேயே தனக்குத் தோன்றிய யோசனைதான் என்று மேனேஜர் கேம்ப் முழுக்கச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது இரும்பு.

கப்பல் வந்த அன்றைக்கு நான் காட்டுக்குள் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஸ்டோருக்கு வந்து பார்த்தால், வந்த இரும்பில் பாதியைக் காணோம். தேடிக்கொண்டு நடந்தேன். குடியேற்றக்காரர் வீட்டு வாசலில் ஒரு பசு என் ஸ்லீப்பரில் கஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. மெஸ்ஸுக்குப் பின்னால் சமையல்காரன் என் ஸ்லீப்பரில் மீன் கழுவிக்கொண்டிருந்தான். மேனேஜர் பங்களா வாசலில் இரண்டு ஸ்லீப்பரில் மண் போட்டு, குரோட்டன்ஸ் நட்டு, தண்ணியும் ஊற்றியாகிவிட்டது. பசுவிடமும் சமையல்காரனிடமும் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். பங்களாவில், ‘அழகா இருக்கேய்யா, அது இருக்கட்டுமே’ என்றார் மேனேஜர். குரோட்டன்ஸைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவர் அந்தத் தொட்டிகளைப் பார்த்த பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வங்காளி பாபு. ‘ஸ்லீப்பர்னு எழுதி வந்ததை எப்படிய்யா ஆளாளுக்குத் தூக்கிக் கொடுத்தே’ என்று கத்தினேன். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்:

“உல்டாவா கவுத்துப் போட்டா ஸ்லீப்பர், சீதாவா நிமித்திப் போட்டா தொட்டி. கப்பல்லேருந்து சீதாதான் இறங்கிச்சு சாப், நான் என்ன பண்றது?”

ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு

இரும்பு கைக்கு வந்தது. ரப்பர் மெத்தைகள் ஒரு சாக்கில் கட்டிப் பத்திரமாக இருந்தன. அதாவது, பத்திரமாக இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேம்ப் பஜாருக்குப் போனால், லைன் ஆள் அத்தனை பேர் காலிலும் புதுச் செருப்பு. கறுப்பு ரப்பர், ஒரே கனம், ஒரே பளபளப்பு.  சாக்கைப் போய்ப் பார்த்தேன். உள்ளே குதிகால் மாதிரியும் விரல் மாதிரியும் வெட்டிக் கழித்த துண்டுகள்தான் கிடந்தன.

மெத்தை இல்லாமல் இரும்பின் மேல் இரும்பை உட்காரவைத்தால் ஒவ்வொரு லோடுக்கும் அடி வாங்கி ஆப்பு தளரும். தளர்ந்தால் பழைய கதைதான். மற்றவர்கள் போகட்டும், கருப்பையாவே அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தோளில் வைத்து, வெள்ளரிக்காய் தின்றுகொண்டு வந்தான். ‘அறிவிருக்கா உனக்கு? உன் காலைக் காப்பாத்தத்தான்டா அந்த மெத்தை’ என்று நடுப் பஜாரில் சத்தம் போட்டேன். அவன் கோபிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, அட்டைப்பூச்சி கடித்து ரத்தம் கட்டிய பாதத்தைத் திருப்பிக் காட்டினான்:

“நானும் காலைக் காப்பாத்தத்தான் சார் போட்டேன். தண்டவாளத்தை அட்டை கடிக்குமா?”

ராணி நின்ற இடம்

 படகு பிடித்து சாத்தத்துக்குப் போனேன். அங்கே மரம் அறுக்கிற மில்லில் கழித்துப் போட்ட பழைய பெல்ட் கிடைத்தது. கான்வாஸும் ரப்பரும் சேர்ந்த கனத்த பெல்ட். அதை மூட்டையாகக் கட்டி வந்து, முதலில் ஆளுக்கு ஒரு ஜோடிச் செருப்புக்கு வெட்டிக் கொடுத்தேன். மீதியில் மெத்தை வெட்டினேன். அதற்கப்புறம் ஒரு துண்டுகூடக் காணாமல் போகவில்லை. இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட மேனேஜர், ஆட்களை நான் கெடுப்பதாகச் சொன்னார்.

தார் பூசி, வளைவில் இரும்பைப் பரப்பினோம். தொட்டிக்குள் சரளைக்கல் அடைப்பதற்கு முன்பே, லைன் நிற்கக்கூடாது என்று மேனேஜர் காலி டிராலியை மேலே அனுப்பச் சொன்னார். ராணி என்கிற யானை இழுத்துக்கொண்டு வந்தது. முதல் இரும்புக் கட்டையில் தும்பிக்கையால் ஒரு தட்டு தட்டியது. உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம் கேட்டது. தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்துவிட்டு நின்றுவிட்டது. பாகன் ஒரு மலையாளி. கெஞ்சினார், கொஞ்சினார், வெல்லம் காட்டினார். ராணி வெல்லத்தைத் தின்றுவிட்டு அதே இடத்தில் நின்றது.

‘பார்த்தியா, யானைக்கே உன் டிசைன் பிடிக்கலை’ என்று மேனேஜர் ஆள் விட்டுச் சொன்னார். கூடவே ஒரு யோசனையும் சொல்லி அனுப்பினார். சரளைக்கு ஓடை வரைக்கும் போவானேன், கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது, அந்த மணலை அள்ளி அடைத்துவிடு. உப்பு மணலை இரும்புக்குள் அடைத்தால் அடுத்த மழைக்கு இரும்பு அப்பளமாகிவிடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் உட்கார்ந்துகொண்டு, பங்களா வாசல் கேட் துருப்பிடித்து உதிர்வதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டு, ஒரு மனுஷன் இப்படிச் சொல்கிறார் என்றால் என்ன செய்வது? ஓடைச் சரளையைத்தான் சுமந்து வந்து கெட்டியாகக் குத்தி அடைத்தோம். ராணி மறுபடி தட்டிப் பார்த்தது. சத்தம் திருப்தியாக இருந்திருக்க வேண்டும், பேசாமல் நடந்தது. பாகன் அதன் காதுக்குப் பின்னால் தட்டிக்கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“உள்ளே ஒண்ணும் இல்லாததை இவள் மதிக்கமாட்டா சாரே. மேனேஜர் குறுக்கே வந்தாலும் இப்படித்தான் நிப்பா.”

என் முறை

இரும்பு போடச் சொன்னது நான். ஆகவே முதல் லோடில் உட்கார வேண்டியதும் நான். படம் வரைகிறபோது அந்த வளைவு காகிதத்தில் ஒரு சாண்கூட இல்லை. அதன் மேல் எத்தனையோ தடவை டீ கிளாஸை வைத்திருக்கிறேன். டிராலியின் முன்பக்கம் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் ஒரு வீட்டு அகல மரத்தோடு கீழே பார்க்கிறபோதுதான் அது என்ன வளைவு என்று தெரிந்தது. ஒரு பக்கம் மேடு. மறுபக்கம் செங்குத்தாகச் சேறு. சேற்றிலிருந்து போன வருஷம் பாய்ந்த டிராலியின் ஒரு சக்கரம் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், பயந்தேன். என் கணக்கின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் ஆப்பு அடித்தவன் யார், சரளை குத்தியவன் சாப்பிட்டுவிட்டுக் குத்தினானா சாப்பிடாமல் குத்தினானா என்பதெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பின்னால் கருப்பையா பிரேக்கை விட்டான். டிராலி ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். தடதடவென்று ஒரு பேரிரைச்சலை எதிர்பார்த்தேன். வந்தது கம்பளத்தில் பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு அடங்கிய சத்தம்தான். அப்புறம் பின்னாலிருந்து கருப்பையாவின் குரல் கேட்டது:

“கண்ணைத் தொறங்க சார். வளைவு எப்பவோ போயிடுச்சு.”

ஒன்றும் நடக்காத மழை

மழை வந்தது. அந்தமான் மழையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை, தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சதுப்பு பொங்கியது, இரண்டு இடத்தில் மண் சரிந்தது, திக்லிபூர்ப் படகு நாள் கணக்கில் வரவில்லை. வளைவில் ஒன்றும் நடக்கவில்லை. கருப்பையா ஒவ்வொரு நாளும் லோடோடு இறங்கி, இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி ஒரு நாள் எனக்கு இறால் வறுவல் கொடுத்தனுப்பினாள். என் உத்தியோகத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு அதுதான்.

மழை ஓய்ந்ததும் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். மெட்ராஸிலிருந்து முதலாளி வருகிறாராம். பங்களா வாசலில் இரண்டு பக்கமும் பூத்தொட்டி வரிசை வைக்க வேண்டுமாம். கேம்ப்பில் தொட்டி என்று எதுவும் இல்லை, வளைவில் கிடப்பதைத் தவிர. ‘இந்த மழைக்கு வளைவிலே ஒண்ணுமே நடக்கலையே. ஒண்ணுமே நடக்காத இடத்துக்கு எதுக்குய்யா இரும்பு? எடுத்துட்டு மரத்தையே போடுங்க’ என்றார். நான் வாயைத் திறந்தேன். குடை பிடித்ததால்தான் நனையவில்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்லமுடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டினார். ‘இது என் ஆர்டர். நானே சொல்றேன், நானே பொறுப்பு. நடுவுலே வேற யாரும் பேசவேண்டாம்’ என்றார். வாசல்வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார், ஆள் அத்தனை பேரும் வாசலில்தான் நின்றார்கள்.  அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், மேஜை நடுவில் இருந்தது. கருப்பையா மட்டும் அமைதியாக ஒரு கேள்வி கேட்டான்:

“அப்ப இந்த மழைக்கு நான் ஒரு தடவை விழுந்து காட்டியிருக்கணுமா சார்?”

பிரம்பு நாற்காலி

மறுநாள் காலையில் வளைவுக்குப் போனேன். அன்றைக்கே ராஜினாமா சொல்லிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நான் போனாலும் பலகையில் நிற்கப்போவது கருப்பையாதானே. ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். பக்கத்தில் புது மரக்கட்டைகள், அதாவது மழை முழுக்க வெளியில் கிடந்து ஊறிய கட்டைகள், அடுக்கியிருந்தன. தொட்டியைக் கையோடு வாங்கிக்கொண்டு போக மேனேஜரே கைத்தடியோடு நடந்து வந்தார். அந்த வளைவுக்கு அவர் கால்நடையாக வந்தது அதுதான் முதல் தடவை.

வந்தவர், வளைவுக்கு மேலே லோடோடு நிறுத்தியிருந்த டிராலியைப் பார்த்து நின்றார். மரத்துக்கு முன்னால், கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, அவருடைய வராந்தாவின் பிரம்பு நாற்காலி உட்கார்ந்திருந்தது. வெயிலுக்கு ஒரு குடைகூடச் செருகியிருந்தது. ‘என்னது இது’ என்றார். கருப்பையா கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: ‘கட்டை மாத்தினா முதல் லோடுலே சொன்னவங்க உக்காரணுமே சார். போன தடவை மேஸ்திரி சொன்னாரு, மேஸ்திரி உக்காந்தாரு. இரும்புக்கு டிராயிங் சார் சொன்னாரு, அவரு உக்காந்தாரு. இது உங்க ஆர்டர்னு நேத்து எல்லாரும் கேட்டோம். மரத்து மேலே உக்காந்தா உங்களுக்கு வேட்டி அழுக்காகுமேன்னு நாற்காலி கட்டினேன்.’

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவர் தப்பித்திருப்பார். ராணி ஓரமாக நின்று வாழைமட்டை தின்றுகொண்டிருந்தது. மேனேஜர் மேட்டைப் பார்த்தார், கீழே சேற்றைப் பார்த்தார், சேற்றில் நீட்டிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தார். பிறகு எதையோ யோசிக்கிறவர் மாதிரி அடுக்கியிருந்த மரக்கட்டையில் கைத்தடியை ஊன்றினார். தடியின் நுனி உள்ளே இறங்கியது. இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் தடி வந்தது, கூடவே ஒரு பிடி உளுத்த தூளும் வந்தது. அவர் தன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். ‘காலையிலேர்ந்தே உடம்பு ஒரு மாதிரியா இருக்கு, காய்ச்சல் அடிக்கிற மாதிரி’ என்றார்.

கருப்பையா ஓடிப்போய் நாற்காலியை அவிழ்த்து, அவர் உட்கார நிழலில் போட்டான். கடப்பாரைகளைக் கீழே வைக்கச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினான். அப்புறம் நோயாளியிடம் பேசுகிற பதமான குரலில் சொன்னான்:

“அவசரமே இல்லை சார், நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்க காய்ச்சல் சரியாகிற வரைக்கும் இரும்பு அங்கேயே கிடக்கட்டும்.”

நான் வரைந்த படங்கள் எதற்கும் முடியாத காரியத்தை, அதாவது அந்த வளைவைக் கடைசிவரை காப்பாற்றுகிற காரியத்தைச் செய்தது, நான் கப்பல் ஏறுகிற நாள் வரைக்கும் மேனேஜருக்கு இறங்காமலே இருந்த அந்தக் காய்ச்சல்தான்.